பெயரில்லாத கிளச்சோடு காரைக்காலுக்கு

சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு மாயவரத்திலிருந்து பஸ் கிளம்பியது. காரைக்கால் இருபத்து நாலு மைல். டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டணா. வண்டி நிறையத் திருநள்ளாறு போகிறவர்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் மடியில் கிடந்த துணிப்பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சனீசுவரனுக்கு எண்ணெய்த் தூக்குங்களா?"

"இல்லீங்க. எஞ்சின் சாமான்."

நம்பாதவள்போல என்னைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தனியாக எஞ்சின் சாமானோடு போவதை நானும் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

பொட்டலத்தில் இருந்தது என் அண்ணனின் பிழைப்பு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது கால் சூம்பிப்போனது. ஆறு மைல் தள்ளிக் குத்தாலத்தில் பத்திரம் எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் போகுமுன் காரைக்காலில் ஓர் உத்தியோகஸ்தரிடம் எஞ்சின் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினோம். அதில்தான் அவர் வேலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கழற்றிப் பார்த்த மெக்கானிக், கிளச் போய்விட்டது என்றார். வட்டமான இரும்புக் கிண்ணம். அதற்குள் இரண்டு கட்டைகள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கட்டைகள் சும்மா கிடக்கும். வேகம் கூடினால் விரிந்து கிண்ணத்தைப் பிடிக்கும். அப்போதுதான் சக்கரம் உருளும். எங்கள் கட்டைகள் தேய்ந்து, ஒன்று விண்டும் போயிருந்தது. தோல் வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டே மைலில் கருகிவிட்டது. வேறு வாங்கலாமென்றால் அதில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. விற்றவர் கப்பலேறிப் போய்விட்டார். கும்பகோணத்தில் மூன்று கடைகளிலும் கையை விரித்தார்கள். குத்தாலத்தில் அண்ணன் உட்காரும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மணி இருக்கும்போது பூவம் வந்தது. பிரெஞ்சு எல்லையில் இருந்த பழைய சுங்கச் சாவடி கதவில்லாமல் கிடந்தது. முன்பு வண்டி வாங்க வந்தபோது பெட்டியெல்லாம் கொட்டிப் பார்த்த இடம். இப்போது ஓர் ஆடு மட்டும் வாசலில் நின்றது.

எட்டரைக்குக் காரைக்காலில் இறங்கி, ஒன்றரை அணாவுக்குக் காப்பி குடித்துவிட்டு, பஸ் நிலையத்தார் சொன்ன சூசையின் பட்டறையைத் தேடிப் போனேன். துரைமார் வண்டிகளைப் பழுது பார்த்தவர் அவர். வண்டி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் தலையை ஆட்டினார்.

"அப்படி நாலஞ்சு தினுசு இங்க வந்துச்சு டீச்சர். வண்டியச் சொன்னா பத்தாது. இந்தச் சாமானேதான் சொல்லணும்."

பொட்டலத்தைப் பிரித்து, கிளச்சை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்து, நடுத் துளையை அளந்தார். "இஞ்சுல சேரல. மில்லிமேட்டர்ல பதினஞ்சு, சரியா உக்காருது. அப்ப இங்கிலீஷ்காரன் சாமான் இல்ல." கிண்ணத்தின் உள்வாயை அளந்தார். வெளிப்புறம் சங்கிலிக்கான பல் இல்லை, பெல்ட் ஓடும் பள்ளம் இருக்கிறது என்று காட்டினார். கட்டைகள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்று விரலால் தடவி, எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொன்னார். ஸ்பிரிங்கின் கொக்கியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுபோச்சு. இந்தத் தினுசு ஊருக்கே ரெண்டுதான் வந்துச்சு. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு சைகோன் போன பையனோடது. அவங்க உம்மா வெச்சிருக்காங்க."

பதினோரு மணிக்கு இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பையனின் தாய் ஹலீமா பீவி என்னை உள்ளே அழைத்துப் பாயில் உட்காரவைத்தார். வண்டி முற்றத்தை ஒட்டி, வெளுத்த வேட்டியால் போர்த்தி நின்றது. மகன் போய் நாலு வருஷம். கடிதம் நின்று இரண்டு வருஷம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அவன் பொருளும்மா. வந்ததும் ஏறி ஓட்டுவான். நான் எப்படிக் குடுக்க?"

எழுந்துகொண்டேன். பொட்டலத்தைக் கையில் எடுத்தேன்.

"அண்ணனுக்கு நடக்கவே முடியாதா?"

"கம்பூன்றி வாசல் வரைக்கும் வருவார்."

ஹலீமா பீவி எழுந்து வண்டியிடம் போனார். அவரே வேட்டியை உருவினார். "கழட்டுங்க சூசை. அவன் வந்தா வேற வாங்கிப் போட்டுக்கட்டும்."

மேலெல்லாம் துடைத்துத் துடைத்துப் பளபளவென்றிருந்தது. சூசை மூடியைக் கழற்றினார். உள்ளே செந்தூரமாய்த் துரு உதிர்ந்தது. கட்டைகள் கிண்ணத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தன. உளியை வைத்து மெல்லத் தட்டினார். ஒரு கட்டை இரண்டாகப் பிளந்தது. ஸ்பிரிங் அவர் விரலிலேயே பொடிந்தது.

"ஓடுமா?" என்று கேட்டார் ஹலீமா பீவி.

"எண்ணெய் கொஞ்சம் விட்டா ஓடுங்கம்மா" என்றார் சூசை, முகத்தைப் பார்க்காமல்.

"கடக்கரையில பொறந்தவ நான். உப்பு தின்ன இரும்பு எனக்குத் தெரியாதா? எப்பலேர்ந்து இப்படி இருக்கும்?"

சூசை உளியைத் துடைத்தார்.

"சும்மா சொல்லுங்க."

"அவரு சைகோன் போன வருசத்துலேர்ந்தே துரு புடிச்சிருக்கும்."

"அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னார். "நான் வெளிய தொடச்சுக்கிட்டே இருந்திருக்கேன்."

நான் வராமலிருந்திருந்தால் அந்த மூடி திறந்திருக்காது. மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். மூடியை மாட்டச் சொன்னார். வேட்டியை இந்த முறை அவர் போர்த்தவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பட்டறையில் சூசை அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இந்தச் சாமான் வருவித்த புதுச்சேரிக் கடை மூடிவிட்டதாம். லேத்தில் கடைந்து செய்ய அதற்கேற்ற இரும்பும் இங்கே இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மாலை நாலரை பஸ்ஸில் திரும்பினேன். பூவத்தைத் தாண்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பே அன்று சுமையாக இருந்தது. காரைக்காலில் ஒரு வீட்டை இருட்டாக்கிவிட்டு வருகிறேன். எங்கள் வீட்டுக்கும் விளக்கு எதுவும் கொண்டுபோகவில்லை.

அண்ணன் கம்பை ஊன்றி வாசலில் நின்றார்.

"என்னன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணா."

ஒரு மாதமாகப் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. "அதானே, தெரிஞ்சாப் போதும், இனி எங்கயாவது வாங்கிடலாம்" என்றார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றேன்.