முந்தானைக்குள் இருந்த கை

முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து இராமநாதபுரம் போய்த் திரும்பும் வண்டியில் என் வாய்க்குப் பயந்தே ஜனங்கள் சில்லறையோடு ஏறுவார்கள். ஆனால் டாக்டர் என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது. அந்த லட்சணத்தில்தான் ஒரு வருடம் என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நல்லவேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப் படுத்துவிட்டவர்களை மறுபடி நடமாட வைப்பதற்கென்றே படித்த டாக்டர் ஒருவர் மதுரையிலிருந்து மாதம் இரண்டு வியாழக்கிழமை இராமநாதபுரம் வருவார். மறுவாழ்வு மருத்துவர் என்று கதவில் போட்டிருக்கும். முதல் தடவை அவர், "உங்களுக்கு என்னம்மா திரும்ப வேணும்?" என்று கேட்டார். நடை என்று நான் சொல்லப்போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என் சேலைய நானே கட்டிக்கிரணும் சார். அது போதும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விழுந்த நாளிலிருந்து நைட்டிதான். கொசுவம் வைக்க இரண்டு கையும் வேண்டும். நான் கட்டிவிட்டால் துணி மூட்டை மாதிரி இருக்கும். நைட்டியோடு நாலு பேர் முன்னால் வரமாட்டேன் என்று தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே அவள் போகவில்லை. டாக்டரிடம் போகும் வியாழக்கிழமை மட்டும் அடுத்த வீட்டு மதினி வந்து கட்டிவிடுவார்.

அந்த முதல் தடவை டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். கைக்கும் காலுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நாலு நிமிடம். வாட்சைப் பார்த்தே சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து அவளைக் குளிப்பாட்டி, பஸ் ஏற்றி, கீழக்கரையிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் வந்த கூட்டத்தோடு பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்துக்கிடந்தால் நாலே நிமிடம். "நடங்கம்மா" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். "பிரமாதம்" என்பார். "கை எப்படி?" என்று கேட்பார். "தேவலை சார்" என்பாள். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை நான் டாக்டரைத் திட்டிக்கொண்டே வருவேன்.

கை தேவலை இல்லை. நாலைந்து மாதத்தில், தொங்கிக்கொண்டிருந்த கை இறுக ஆரம்பித்தது. விரல்கள் உள்ளே மடங்கின. டாக்டரிடம் போகும்போது அவள் அதை முந்தானைக்குள் செருகி வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். படித்தவர், அவருக்கும் தெரியாமலா இருக்கும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வேண்டாம் என்றவளை நான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். பெஞ்சில் ஒரு ஆள் இல்லை. டாக்டர் டீ வரவழைத்து எங்களுக்கும் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், "சேலை கட்டிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். இவ்வளவு கூட்டத்தில் இதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவள் கையை முந்தானைக்குள் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து முந்தானையை விலக்கினார்.

ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் நகம் பதிந்த இடம் புண்ணாகியிருந்தது. ஒரு மணி நேரம் அவர் அந்தக் கையை விடவில்லை.

"இறுக ஆரம்பிச்சப்பவே பாத்திருந்தா ஊசி போட்டு, விரல் மடங்காம அட்டை கட்டி நிறுத்தியிருக்கலாம். இனிமே கொஞ்சம் தளரும். சேலை கட்டுற அளவுக்கு வராதும்மா" என்றார். கை கழுவப் போனவர் திரும்பி நின்று, "நான் விலக்கிப் பாத்திருக்கணும்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டும் சாரல் அடித்தது. என் ஆத்திரமெல்லாம் அவள் மேல் திரும்பியது. "ஏன்டி மறைச்ச? ஒவ்வொரு வாட்டியும் கேட்டாருல்ல, சொன்னா என்ன?"

தேவிபட்டினம் தாண்டும்வரை அவள் முகத்தில் அடித்த சாரலை நல்ல கையால் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"கையக் காட்டுனா நேரமாகும். நீங்க உள்ள நொழஞ்சதுலருந்து வாட்சையே பாத்துக்கிட்டு நிப்பீக. பன்னெண்டு மணி வண்டிய விட்டா ரெண்டரைக்குத்தேன்னு வீட்டுலயே சொல்லித்தான கூட்டியாருவீக."

நிஜம்தான். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தவிர அந்தப் பன்னிரண்டு மணி வண்டியை நாங்கள் ஒரு தடவைகூட விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இப்போது தினமும் மத்தியானம் அந்தக் கையை வெந்நீரில் வைத்து, விரல் விரலாக நீவிவிடுகிறேன். கால் மணி நேரம் செய்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் எழுந்திருப்பதில்லை.

"போதும், போயி ஒங்க வேலையப் பாருங்க" என்பாள்.

"எனக்கு என்ன வேலை கெடக்கு" என்பேன்.

கட்டை விரல் மட்டும் கொஞ்சம் அசைகிறது. மற்ற நாலும் மடங்கியபடிதான் இருக்கின்றன.