அலையில்லாத இடம்

இந்த ஊரில் விழாவுக்குப் போகிறவர்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜனவரி பிறந்துவிட்டால், மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கடற்கரைக்கு நடப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து என்றால்கூடப் பந்தல்காரர் டெம்போவில் நாற்காலி வந்து இறங்கும். முன்வரிசையில் யார் உட்காருவது என்று ஒரு சண்டையும் நடக்கும். சண்டை நடக்காவிட்டால் விசேஷம் சப்பென்று போய்விட்டதாகப் பேசிக்கொள்வார்கள். இங்கே நகரசபைத் தலைவரே தன் நாற்காலியைத் தானே விரித்து, மணலில் அது ஒருபக்கம் சாய, எழுந்து மறுபடி சரிசெய்து உட்காருகிறார். யாரும் ஓடிப்போய்ப் பிடிப்பதில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்கரையில் தைமாதம்தான் அக்கினி வெயில். நாம் பொங்கல் வைக்கும் வாரத்தில் இவர்கள் கோடைவிழா வைக்கிறார்கள். கடலோரப் புல்வெளியில் லாரித் தொட்டியின் மேல் மேடை போட்டு கிட்டார் வாசிப்பார்கள். நடைபாதைச் சிமெண்டில் சாக்பீஸால் குழந்தைகள் படம் வரைவார்கள். மணலில் கோட்டை கட்டும் போட்டி, பந்து விளையாட்டு, துடுப்புப் படகுப் பந்தயம் எல்லாம் உண்டு. இரண்டாம் நாள் காலை நீச்சல் பந்தயம். கடலுக்குள் நிற்கும் மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்று காவலர்கள் நிற்பார்கள். சம்பளம் வாங்காமல் நிற்கிறவர்கள் அவர்கள். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் இங்கு வந்தது போர்வெல் வேலையால். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர்கள் போகாத தேசம் குறைவு. என் கணவர் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் வேலைக்கு இங்கே வந்தார். கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நல்ல தண்ணீருக்கு அறுநூறு அடி போட வேண்டியிருக்கிறதே என்று அவர் அடிக்கடி சொல்வார். அவர் சொல்லி, அதே கம்பெனிக்கு மல்லசமுத்திரத்திலிருந்து வந்தவன்தான் பிரபு. கூடவே அவன் மனைவி கவிதாவும் வந்தாள். எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு. இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பு மாதிரிதான் இருந்தோம். இட்லிமாவு என் வீட்டில் அரைபடும், குழம்பு அவள் வீட்டில் கொதிக்கும்.

பிரபு கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். அவன் அப்பாவின் தோட்டத்துக் கிணற்றை நான் பார்த்திருக்கிறேன். கல்கட்டுக் கிணறு, எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவன் அப்பாதான் முதுகில் காலி டின்னைக் கட்டி அவனை அதில் தள்ளிவிட்டாராம். பத்து வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பான், அடியில் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வருவான். எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியும் என்றால் அதுதான் நீச்சல். கிணற்றுத் தண்ணீர் எங்கேயும் போகாது. கை சலித்தால் நாலு வீச்சில் சுவர், பிடித்துக்கொள்ள ஒரு படிக்கல். தண்ணீர் ஆடாமல் கிடந்தால் பயமில்லை, யாராவது குதித்துக் கலக்கினால்தான் சிறுபிள்ளைகள் மேலே ஏற வேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உடம்பே தெரிந்துகொள்வது.

போன வருஷ விழாவில் அவன் நீச்சல் பந்தயத்தில் பேர் கொடுத்தான். நாங்கள் முறுக்கும் பணியாரமும் சுட்டு ஒரு கடை போட்டிருந்தோம். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கரைக்கு ஓடினோம். கடைசிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தான். அலை அடித்து அடித்து வாயெல்லாம் உப்புத்தண்ணீர், கண் சிவந்திருந்தது, ஆனாலும் முகம் பூரித்துக் கிடந்தது. கழுத்தில் ஒரு ரிப்பனை மாட்டிவிட்டார்கள். கரையில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். அலைதான் ரொம்பப் பேசுதுங்கப்பா, இல்லீன்னா முன்னாடியே வந்திருப்பேன் என்றான் இவன். அந்தப் பக்கம் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த தடவ அலையில்லாத எடமாப் பாத்து எறங்கு சாமி," என்றார்.

அன்று பிற்பகலில் மேடையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிரபு இன்னொரு முறை கடலுக்குப் போனான். கொடிகளுக்கு நடுவில் அலை சளசளவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஒரே கூட்டம். அதற்கு அப்பால், பாறை ஒதுங்கிய மூலையில், அகலமான ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்து, எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடந்தது. நம் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இறங்குவதற்கு அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால், அங்கே மட்டும் போகாதே என்று சொல்லும். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் ஒன்றுகூடிக் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. போகிற தண்ணீர் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் நீந்தித் தப்ப வேண்டுமாம். கிணற்றில் பழகியவனுக்குக் கரை என்பது நேர் எதிரில் இருப்பது. அங்கே இறங்கிய பிரபு கரையைப் பார்த்து நேராகவே நீந்தியிருக்கிறான். பாறைமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துச் சத்தம் போட, காவலர்கள் படகை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மேடையில் பாட்டு பாதியில் நின்றது. ஆட்கள் நாற்காலிகளை மடக்கும் சத்தம் மட்டும் புல்வெளி முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஆகாது.

படகு, ஹெலிகாப்டர், முங்கு நீச்சல்காரர்கள் என்று நாள்கணக்கில் தேடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் லீவு போட்டுக்கொண்டு வந்து பாறை பாறையாக நடந்தார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் பிரபு கிடைக்கவில்லை. மல்லசமுத்திரத்துக்கு என் கணவர்தான் போனில் பேசினார். அவன் அப்பா கேட்டுவிட்டு, மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார்களா என்றார். எங்கள் பக்கத்தில் யாராவது கிணற்றில் விழுந்து கிடைக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டத்து மோட்டாரெல்லாம் வந்துவிடும். இராப்பகலாக இறைத்து அடிமண் தெரிந்தால் ஆள் கிடைத்துவிடும். பிறகு சுண்ணாம்பு கொட்டி, கோழி அறுத்து, புதுத்தண்ணீர் ஊறிய பின்தான் அந்தக் கிணற்றுப் பக்கம் போவார்கள். கடலை இறைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே கேட்டார். கிடைத்த பிறகு சொல்லுங்கள், அதுவரைக்கும் என் ஊட்டில் ஒரு காரியமும் நடக்காது என்று போனை வைத்துவிட்டார்.

சொன்னபடியே இருந்தார். கருமாதி இல்லை, படத்துக்கு மாலை இல்லை. கவிதாவிடம், அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர் என்று சொல்லிவிட்டார். அவள் காலையில் எழுந்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, காய்கறியைப் பெட்டியில் அடைக்கும் வேலைக்குப் போய்வந்தாள். இந்த ஊரே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடல் இருக்கும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே கிடையாது. எப்படியாவது ஊருக்குப் போய்விட்டால் போதும் என்று வருஷம் முழுக்க என்னிடம் அழுதாள். போனால் எந்தக் கோலத்தில் போய் நிற்பது? மாமனார் வாய் திறக்காமல் அவளால் தாலியைக் கழற்றவும் முடியாது, கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையவும் முடியாது. இதற்கெல்லாம் மேலே ஒரு பொய்யையும் சுமந்துகொண்டிருந்தாள். எப்படியாச்சு என்று அவர் கேட்கும்போதெல்லாம், பெரிய அலை வந்து அடித்துவிட்டது மாமா என்றே சொல்லிவந்தாள். அலையில்லாத இடத்தில்தான் போனான் என்பதை அந்த மனுஷனிடம் யாரால் சொல்ல முடியும்? என் கணவரிடமும் அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இந்த வருஷம் விழாவுக்கு முன்பு டெபி எங்களைத் தேடி வந்தாள். விழாக் குழுவில் இருப்பவள், பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுக்கிறவள், தங்கமான குணம். கடலில் போனவர்களுக்கு இவர்கள் செய்யும் ஒரு வழக்கம் உண்டு. அலைப்பலகைகளில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு கடலுக்குள் போய், வட்டமாக உட்கார்ந்து, நடுவில் பூவைப் போட்டுவிட்டு வருவார்கள். பிரபுவுக்கும் அதைச் செய்யலாம், முதல் பூவைக் கரையில் நின்று கவிதா போட வேண்டும் என்று கேட்டாள். பேச்சுக்கு நடுவில் கவிதாவின் நெற்றியைப் பார்த்து, அவன் நினைவாகத் தினமும் இதை வைத்துக்கொள்கிறாயே, எவ்வளவு அழகு என்றாள். இது செத்தவனுக்காக வைப்பதில்லை அம்மா, இருக்கிறவனுக்காக வைப்பது என்று விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, மனசும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போன பிறகு கவிதா சொன்னாள்.

"பூவப் போட்டா அவரு போயிட்டாருன்னு நானே சொன்னமாதிரி ஆயிருமில்லீங்கக்கா."

எனக்கு விழாவே ஆகாமல் போயிருந்தது. நம் ஊரில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தாலும், தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் நடை சாத்திக் கிடக்கும். பம்பைக்காரர் பம்பையைத் தொட மாட்டார். எங்கள் கணக்குப்படி இந்த ஊரில் பிணம் இன்னும் எடுக்கவில்லை. அதே புல்வெளியில், அதே லாரித் தொட்டியில் போன வருஷம் பாடியவர்களே வந்து ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அவர்கள் முதல் வேலையாக மைக்கில் பிரபுவின் பெயரைச் சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பெயரைத் தப்பில்லாமல் சொல்ல டெபி என்னிடம் வந்து பழகிக்கொண்டு போயிருந்தாள். எழுந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கவிதா வந்திருந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாமாவைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள். இங்கே சாயங்காலம், மல்லசமுத்திரத்தில் முற்பகல். முதல்முறையாக முகம் தெரியும்படி அழைத்தாள். தோட்டத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஒரு வருஷத்தில் பாதியாகியிருந்தார். பலகைக்காரர்கள் வரிசையாகக் கடலில் இறங்குவதைக் காட்டினாள். பூப் போடச் சொல்கிறார்கள் மாமா, நீங்கள் சொன்னால்தான் என்றாள். எந்த இடத்தில் என்று அவர் கேட்டார். கவிதா போனைக் கொடிகள் இருந்த பக்கமே பிடித்திருந்தாள். பக்கத்தில் நின்ற டெபிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு தகப்பன் கண்ணால் எதைத் தேடுகிறான் என்று புரிந்துகொள்ள பாஷை எதற்கு? போனை மெல்ல வாங்கி, பாறைப் பக்கம் திருப்பி, விரலை நீட்டி அந்தக் கருத்த பட்டையைக் காட்டினாள். உதவி செய்கிறோம் என்றுதான் செய்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றையும் தண்ணீரையும் பார்த்தே வயதானவர்.

"அங்க அலையே இல்லியே சாமி," என்றார்.

கவிதா போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இல்லீங்க மாமா, அன்னைக்கு இருந்துச்சுங்க, பெரிய அலைங்க என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் அவர் தலைக்கு மேலே வேப்பமரக் கிளை ஆடிக்கொண்டிருந்தது. பலகைக்காரர்கள் வட்டம் கட்டி முடித்து, கரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மேடையில் பாட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் துண்டை எடுத்தார்.

"பூவப் போட்டுரு சாமி. போட்டுட்டு நீ ஊட்டுக்கு வந்துரு."

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பூவைப் போட்டாள். ஊரிலிருந்து எந்த வார்த்தைக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. நான் மனதுக்குள் அவள் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டேன். கடலுக்குள் வட்டமாக இருந்தவர்கள் தண்ணீரைக் கையால் அடித்துக் குரல் கொடுத்தார்கள். பாட்டு தொடங்கியது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை, அவர் வா சாமி, வா சாமி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கவிதா திரும்பி என்னைப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவரத் தனியா இங்க உட்டுப்போட்டு நான் எப்படிங்க மாமா வாரது?"