விரிசலுக்கு மேல் எழுதிய பெயர்

எங்கள் தெருக் கடைசியில் ஏழுமலை மூன்று வாரமாகத் தன் ஃபைபர் படகை வீட்டு வாசலில் போட்டுப் பழுது பார்க்கிறார். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. கடலைத் தாங்கும் கனம் அதற்கு இல்லை. பெயர் எழுதும் அகலம் இருக்கிறது.

விரிசல் அதில் எழுதிய நன்கொடையாளரின் பெயருக்கு நடுவிலேயே ஓடுகிறது. பெயரைத் தேய்த்து எடுத்தால்தான் புது ஃபைபர் ஒட்டும்.

இன்று காலை நிறுவனத்து ஆள் ஒருவர் கேமராவோடு வந்தார். பெயரைத் தேய்க்க ஏழுமலை கையில் எடுத்திருந்த கிரைண்டரைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"பேர்ல கை வைக்காதீங்க. வேற எடத்துல ஒட்டிக்குங்க."

"ஒடஞ்சது இங்க சார்."

"உள்பக்கமா ஒட்டலாமே?"

"ரெண்டு வாட்டி ஒட்டியாச்சி. போன மாசம் நடுக்கடல்ல தண்ணி பூந்துடுச்சி. கரை வர்ற வரைக்கும் மச்சான் மொண்டு ஊத்திக்கினே வந்தான்."

"பேரு போச்சுன்னா நான் பதில் சொல்லணும்பா."

"ஆளு போனா யாரு சார் சொல்றது?"

அவர் யோசித்தார். யோசித்த பிறகு, படகை இப்படியே ஒருமுறை தண்ணீரில் இறக்கினால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்.

"எறக்கிடலாம் சார். நீங்களும் ஏறிக்குங்க, போட்டோ நல்லா வரும்."

அவருக்கு உடனே ரெட்டியார்பாளையத்தில் ஒரு மீட்டிங் இருப்பது நினைவுக்கு வந்தது. ஏழுமலை கிரைண்டரைப் பெயர் மேல் ஓட்டினார்.

உங்கள் தெருவிலும் பெயர் எழுதிய தானம் ஏதாவது இருக்கும். அதில் எழுத்தைத் தவிர வேறு எது நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.