அண்ணியின் கையில் நான் கொடுத்த பிரஷ்

ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மானிட்டர்களைப் பழுது பார்க்கும் பட்டறையில்தான் எங்கள் அண்ணி பதினாலு வருஷம் வேலை பார்த்தார். நான் அதே பட்டறையில் ஸ்டோர் கீப்பர். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நான் முன்பு வேலை பார்த்த கடையை மூடிவிட்டதால் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசரிடம் போய், "என் வீட்டுக்காரரோட தம்பி. வாய் கொஞ்சம் நீளம், மத்தபடி தங்கமான பையன்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். வாயைப் பற்றிச் சொன்னது நிஜம். தங்கத்தைப் பற்றிச் சொன்னதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் ஜன்னலோரம் ஆறு மேசைகள். ஐந்து மேசைகள் சந்தைக்கடை. ஆறாவது அண்ணியுடையது. அதில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி விளக்கு, அழுக்கைக் கரைக்கும் திரவம் உள்ள ஒரு சொட்டு பாட்டில், இடமிருந்து வலமாக அடுக்கிய கருவிகள். மற்றவர்கள் மானிட்டருக்குள் இருக்கும் போர்டில் கெட்டுப்போன சிப்பை எடுத்துவிட்டுப் புதுச் சிப்பைப் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடத்தில் பிசின் மாதிரி பழுப்பாக ஓர் அழுக்கு தங்கும். விட்டுவைத்தால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, கொஞ்ச நாளில் போர்டையே அரித்துவிடும். அதற்காக முழுப் போர்டையும் தொட்டியில் முக்கிக் கழுவவும் முடியாது. ஸ்பீக்கர், சுவிட்ச் எல்லாம் பாழாகிவிடும். ஆகவே அந்த ஒரு இடத்தை மட்டும், நகக்கண் அளவு இடத்தை மட்டும் சுத்தம் பண்ண வேண்டும். அதுதான் அண்ணியின் வேலை.

கேட்டால் துடைக்கிற வேலைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணி அந்த இடத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகுதான் எதைக் கையில் எடுப்பது என்று முடிவு பண்ணுவார். பஞ்சுக் குச்சியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சிப்பின் கால்களில் நூல் மாட்டிக்கொள்ளும். தட்டையான இடமென்றால் ஸ்பாஞ்சு முனை வைத்த குச்சி. அதே குச்சியைக் கால்களுக்கு நடுவே விட்டால் ஸ்பாஞ்சு கிழியும், அங்கே பிரஷ்தான். பிரஷிலும் முடி நீளமாக இருந்தால் வளையும், குட்டையாக இருந்தால் கீறும்.

"அழுக்கைக் கரைச்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க தம்பி. கரைஞ்சது எங்க போகும்? பக்கத்து வீட்டுக்குப் போய் உட்காரும். அதைத் தூக்கிட்டுப் போகவும் ஒரு ஆள் வேணும்" என்பார். அந்த ஆள் ஒரு துணி. நூல் பிரியாத மெல்லிய துணியை அழுக்கின் மேல் போட்டு, அதன் மேல் இரண்டு சொட்டு விட்டு, துணியோடு சேர்த்து பிரஷால் தேய்ப்பார். துணியை எடுத்தால் பழுப்பு நிறம் துணியில் இருக்கும், போர்டு பளிச்சென்று இருக்கும். கடைசியில் காய்ந்த பிரஷால் நாலு இழுப்பு. அண்ணி சுத்தம் பண்ணிய போர்டு திரும்பி வந்ததாகப் பட்டறையில் சரித்திரமே கிடையாது. ஆறாவது மேசைக்குப் போய்விட்டால் கவலையே இல்லை என்று டெஸ்டிங் ஆட்கள் சொல்வார்கள். அண்ணிக்கு அதில் பெருமை இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் அப்படி யாராவது சொன்ன நாளில் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுத் தருவார்.

அவருடைய பிரஷ் சாதாரண பிரஷ் இல்லை. பிளாஸ்டிக்கை எதன் மேல் தேய்த்தாலும் கொஞ்சம் மின்சாரம் சேரும். தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே, அதே சங்கதி. நமக்கு அது விளையாட்டு, சிப்புக்கு எமன். அதனால் இந்த வேலைக்கென்றே மின்சாரம் கடத்தும் கறுப்புக் கைப்பிடி வைத்த பிரஷ் உண்டு. சேர்கிற மின்சாரம் கைப்பிடி வழியாக இறங்கி, மணிக்கட்டில் மாட்டியிருக்கும் பட்டை வழியாகத் தரைக்குப் போய்விடும். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் வரும். தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே அண்ணி என்னிடம் சீட்டு எழுதித் தந்துவிடுவார்.

அந்தத் தடவையும் தந்தார். நான் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை துவைக்கப் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. பெரிய சதியெல்லாம் ஒன்றுமில்லை.

பட்டறையில் எனக்கு "நாளைக்கு" என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் நாளைக்கு வந்துவிடும் என்பேன். அண்ணி கேட்டபோதும் அதையே சொன்னேன். நாலு "நாளைக்கு" போன பிறகு, சூப்பர்வைசர் காதுக்கு விஷயம் போய்விடுமே என்று பயம் வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய், படம் வரையும் சாமான் விற்கிற கடையில் தேடினேன். அதே கறுப்புக் கைப்பிடி, அதே நீளம், அதே முடி. பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு டஜன் வாங்கிவந்து, காலியான மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டியில் அடுக்கி அண்ணியின் மேசையில் வைத்தேன். சரியான சரக்குக்கு அன்றைக்கே ஆர்டரும் போட்டேன். அது வருகிற வரைக்கும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் முதல் போர்டு திரும்பி வந்தது. பிறகு இரண்டு. பிறகு வாரத்துக்கு நாலு. டெஸ்டிங்கில் நன்றாக ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில நாளில் செத்தவை. எல்லாமே ஆறாவது மேசையைத் தாண்டியவை. நல்ல வேளை, எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். சூப்பர்வைசர் அண்ணியின் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்தார், சரியாக இருந்தது. மேசை விரிப்பைச் சோதித்தார், அதுவும் சரியாக இருந்தது. மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தார், பிரஷ் சரியானதுதான் என்று பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டார்.

அண்ணி மட்டும் ஸ்டோருக்கு வந்தார். கையில் ஒரு பிரஷ்.

"தம்பி, இது எப்பவும் வர்ற பிரஷ்தானே? முடி கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு."

"அதேதான் அண்ணி. புது லாட். புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்."

"சரி. நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டார்.

போர்டுகள் சாவதற்குக் காரணம் அந்த நொடியில் எனக்குத் தெரியாது என்பது உண்மை. நான் பொய் சொல்கிறேன் என்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

சூப்பர்வைசர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சிலருடைய உடம்பிலேயே மின்சாரம் அதிகமாகத் தங்குமாம். வறண்ட தோல், வயது, ஏதோ சொன்னார். நல்ல மனிதர், அண்ணியைக் குறை சொல்ல மனசில்லாமல் அவருடைய உடம்பின் மேல் பழியைப் போட்டார். திட்டியிருந்தால் அண்ணி பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். உடம்பே அப்படி என்றால் யாரோடு சண்டை போடுவது? ஒரு திங்கட்கிழமை காலையில் அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடி விளக்கை அணைத்து, சொட்டு பாட்டிலை மூடிவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை சரியான பிரஷ் வந்து இறங்கியது. என்னவோ தோன்றி, மின்சாரம் கடத்துகிறதா என்று காட்டும் மீட்டரை எடுத்து இரண்டு கைப்பிடிகளிலும் வைத்துப் பார்த்தேன். புதியதில் முள் நகர்ந்தது. நான் வாங்கி வந்ததில் செத்த பிணமாகக் கிடந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பேக்கிங் பிரிவு பதினைந்தடி தூரம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் வாங்கி வந்த பிரஷ்களை ஒரு பையில் கட்டி, வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சூடு ஆறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஆறாவது மேசைக்கு வேறொரு பெண் வந்தாள். புது பிரஷ். அதற்குப் பிறகு ஒரு போர்டும் திரும்பி வரவில்லை. சூப்பர்வைசர் சொன்னது சரியாகிவிட்டது. அண்ணிக்கும் அது சரி என்றே பட்டது. நான் வாயைத் திறக்க இருந்த இடத்தையும் அது அடைத்துவிட்டது. அப்படிச் சொன்னால் எனக்குச் சௌகரியம். நிஜத்தில் நான்தான் அடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அண்ணி எதையாவது தொடுவதற்கு முன்னால், உடம்பு மின்சாரம் தரைக்கு இறங்கட்டும் என்று தண்ணீர்க் குழாயைத் தொட ஆரம்பித்தார். ரேடியோவைத் தானே போடுவதில்லை, "கொஞ்சம் போட்டு விடுங்களேன்" என்பார். புது டிவி வந்தபோது ரிமோட்டை ஒரு துணியில் சுற்றிப் பிடித்தார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. என் பிள்ளைகள் "கரண்ட் பெரியம்மா" என்று கூப்பிட்டார்கள், அவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு வருஷத்தில் பேக்கிங் வேலையையும் விட்டுவிட்டார். போர்டுகள் பக்கத்தில் இருப்பதே பயமாக இருக்கிறது என்றார். நான் அப்போதும் பேசவில்லை. ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

போன மாதம் அண்ணன் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். நாடித் துடிப்பு முப்பதுக்கு இறங்கியிருந்தது. இடது காறை எலும்புக்குக் கீழே, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பார்க்கப் போனேன். அண்ணன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அண்ணி மாத்திரையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"பார்த்தியாடா?" என்றார் அண்ணன். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இப்படித்தான். பக்கத்துலயே வரமாட்டேங்கிறா. எழுந்திருக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுறா. படுக்கையையும் அடுத்த ரூம்ல போட்டுக்கிட்டா. நான் என்னடா தப்புப் பண்ணேன்?"

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் தம்பி, சிரிக்கிறார். அவருக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? இவர் நெஞ்சுக்குள்ள இப்ப ஒரு போர்டு இருக்கு. உங்களுக்குத் தெரியாதா, என் கை பட்டா என்ன ஆகும்னு?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துவைக்கப் போன சட்டை முதல் தெருமுனைக் குப்பைத் தொட்டி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் வந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்காக எவ்வளவு யோசிச்சு வந்திருக்கீங்க தம்பி. சட்டை, குப்பைத் தொட்டின்னு நேர்ல நடந்த மாதிரியே சொல்றீங்க."

"சத்தியம் அண்ணி. பிள்ளைங்க மேல சத்தியம்."

"சும்மா பிள்ளைங்களை இழுக்காதீங்க. அன்னைக்கு நான் உங்ககிட்ட பிரஷை எடுத்துக்கிட்டு வந்து கேட்டேனே. வேறயா இருந்தா நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருப்பீங்களா?"

"சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வரேன் அண்ணி. அவர் சொன்னா நம்புவீங்களா?"

"நீங்க பேசினா அவரும் ஆமான்னுதான் சொல்வார். உங்க வாய் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் எழுந்து போன அப்புறம் ஒரு போர்டுகூடச் சாகலை. அது போதும் தம்பி எனக்கு."

அண்ணன் சாய்வு நாற்காலியிலிருந்து வலது கையை நீட்டினார். "நான் அவன் சொல்றதை நம்புறேன். வா இங்க" என்றார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் கை நீட்டுகிறார். அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து, சுவரோடு சுவராக நின்றுகொண்டார்.

"வேண்டாங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.