மாமரத்தின் ரகசியம்

கராடியில் என் மகளின் பிறந்தநாளுக்கு வித்தை காட்ட வந்தவர் பக்கத்து ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழர். ஒடிசலான உடம்பு, சாயம்போன கறுப்புக் கோட்டு. தொட்டியில் மாங்கொட்டையை ஊன்றித் துணியால் மூடினார். துணியை எடுத்தால் இடுப்பளவு மரம், கிளையில் நிஜப் பழங்கள். குழந்தைகள் வாய் பிளந்தார்கள்.

உடனே தொட்டியைத் திருப்பி, உள்ளிருந்த ஸ்பிரிங்கையும் குழாயையும் காட்டி எல்லாவற்றையும் இந்தியில் விளக்கினார். விளக்கும்போதே கைக்குட்டையால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படிப் போட்டு உடைக்கிறீங்க?" என்றேன்.

"முந்நூறு வருஷத்துக்கு முந்தி லண்டன் சந்தையில ஒரு வெள்ளைக்காரன் ஆப்பிள் மரம் காய்க்க வச்சான் சார். அதைப் படிச்சுட்டு எட்டு வருஷம் மெனக்கெட்டு இந்த மாமரத்தைச் செஞ்சேன். கூட இருந்த சோர் பய, ரெண்டு செஞ்சதுல ஒண்ணை அப்படியே திருடிட்டுப் போய்ட்டான். அவன் எந்த மேடையில ஏறினாலும் இந்தப் பசங்க, பச்சா பார்ட்டியே ரகசியத்தைக் கத்தி அவன் மானத்தை வாங்கணும். இங்க வந்தான்னா எனக்குச் சொல்லுங்க."

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பின் கணபதி விழாவுக்கு மாமர வித்தை காட்ட அந்தத் திருட்டு ஆளே வந்தான். அவருக்குத் தகவல் சொன்னேன். முன்வரிசையில் அதே குழந்தைகள். மரம் எழுந்தது. ஒரு குழந்தைகூடக் கத்தவில்லை. என் மகள் உட்பட எல்லோரும் மறுபடி வாய் பிளந்து, கைதட்டினார்கள்.

காலையில் அவர் போன் செய்தார். "பசங்க கத்துச்சுங்களா சார்? அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லாக் கத்துச்சுங்க. மூஞ்சி தொங்கிப்போச்சு."

நெடுநேரம் சிரித்தார். ரகசியம் தெரிந்த பிறகும் குழந்தைகளை வாயடைக்க வைத்தது அவர் செய்த மரம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.