கிளட்ச் மாற்றிய வாரம்

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். சொந்த வேன். என்னைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார், வேனைச் சொன்னால் சண்டைக்கு வருவார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துத் தந்தார், அதோடு சரி. அவர் சீட்டில் வேறு யாரையும் ஏறவிடமாட்டார்.

கியர் சரியாக விழவில்லையென்று புது கிளட்ச் பிளேட் போட்ட மறுநாளே, கியர் மாற்றும்போதெல்லாம் 'கர்ர்' என்று அரைக்க ஆரம்பித்தது. ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு மானம் போனது.

நேராகத் தண்டலத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போய்க் கத்தினார். "இன்னாடா வேலை பண்ணி வெச்சிகீற? முன்ன இருந்ததவிட மோசமா கீது!"

மெக்கானிக் எங்களுக்குத் தம்பி மாதிரிப் பழகியவன். அவரைக் கிளட்ச் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தான். இன்ஜினை அணைத்தால் கியர் எல்லாம் ஒழுங்காக விழுந்தது, ஓடவிட்டால்தான் அரைத்தது. "கிளட்ச் முழுசா விடலணா" என்று பெடலைச் சரிசெய்து அனுப்பினான். மறுநாளும் அரைத்தது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். கோபத்தில் அவனை அடித்துவிடுவாரோ என்று பயம். அன்றைக்கு மெக்கானிக் கீழே படுக்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, அவர் கியர் போடப் போட, இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், "அண்ணி, நீங்க ஒரு தபா ஏறி மிதிங்க" என்றான்.

ஏறி மிதித்தேன். ஐந்து கியரும் சத்தமில்லாமல் விழுந்தன. "பதமா மிதிக்கணும், உங்கள மாதிரி முரட்டுத்தனமா இல்ல" என்று அவரைக் கேலி செய்து சிரித்தேன். மெக்கானிக் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில மாதங்களாக அவருடைய இடது கால் செருப்பு நடக்கும்போதே கழன்று விழுந்தது. நான் செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெடலை முழுதாக அழுத்த அந்தக் காலில் வலு இல்லை, அதனால்தான் கியர் அரைத்தது.

"இன்னொரு தபா கயட்டிப் பாருடா" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. கல்யாணமான நாள்முதல் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே புகுந்தான். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை, சும்மா தட்டிக்கொண்டு படுத்திருந்தான். எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சத்தத்தை வைத்தே எந்த போல்ட் என்று சொல்லிவிடுகிற மனிதர். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பாருங்கணா" என்றான்.

அவர் ஏறவில்லை. "சரியாத்தான்டா இருக்கும்" என்று அவன் முதுகில் தட்டினார். சாவியை என் கையில் வைத்து, "வூட்டுக்குப் போலாம், நீ எடு" என்று சொல்லிவிட்டு, சுற்றிப் போய் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே ஓட்டினேன். கியர் ஒரு தடவைகூட அரைக்கவில்லை.