எங்கள் சுவரில் இருமல்காரர்

போன வாரம் பெரியப்பா மகள் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நிலாவில் மனிதன் கால் வைத்ததைப் பெரிதாகப் போட்ட பழைய பத்திரிகையின் முதல் பக்கம். யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கீழே, 'எங்க வீட்டுச் செவுத்துல இருந்தவரு' என்று எழுதியிருந்தாள். ஐம்பது வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிந்தது.

இலங்கையில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவர்கள் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. புகை படிந்த சுவரை மறைக்க, தீபாவளிக்கு முன் கோதுமை மாப் பசை காய்ச்சிப் பழைய பத்திரிகை ஒட்டுவார்கள். நைந்து தொங்கும்வரை அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனக்கு விவரம் தெரிந்தபோது அவர்கள் சுவரில், முகமே தெரியாத பெரிய தொப்பியோடு நிலா மனிதர் நின்றார். எங்கள் சுவரில் மீசை வைத்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமல் மருந்து விளம்பரம்.

லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். "கால கழுவிட்டு வாங்க" என்பாள், தானே நிலாவுக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி. என்னைக் கண்டால் மட்டும், "ஒங்க ஆளுக்கு இருமல் நின்னுருச்சா?" என்பாள். சிரிக்காத பிள்ளை கிடையாது. அவர்கள் கூரை ஒழுகிச் சுவர் ஊற வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டினேன். ஒழுகியது எங்கள் கூரைதான்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் அழுதேன். "அவங்களுக்கு மட்டும் நல்ல படம். நீ ஏம்மா இந்த ஆள ஒட்டுன?"

"கைக்கு வந்தத ஒட்டுனேன்."

"ஒனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று கத்தினேன். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

போன வாரம் அக்கா அனுப்பிய அந்தப் படத்தைப் போனில் எரிச்சலோடு தள்ளினேன். அடுத்த படம் வந்தது. அதே தாளின் மறுபக்கம். மீசைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டியும் தோட்டத்தை விட்டு வராதவள். கேட்டதும் சிரித்தாள்.

"ஒங்க பெரியப்பா கடையில வாங்கியாந்த கட்டுல அதே பேப்பர் ரெண்டு இருந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ஒட்டலாம்னு தூக்குறேன், நீ பால் குடிக்கிற புள்ள, மூஞ்சியில்லாத மனுசனப் பாத்து வீல்னு கத்துன. அதான் அவரத் திருப்பி ஒட்டுனேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீ ஒங்கக்காகிட்ட போயி ஒளறுவ. பயந்தாங்கொள்ளின்னு லயமே சிரிக்கும். என்னையத்தானே ஏசுற, ஏசிக்கன்னு விட்டுட்டேன்."

அந்தச் சுவரை ஒட்டித்தான் நான் தினமும் படுத்தேன். பொறாமை பொறுக்காமல் இருமல்காரரின் மீசையை நகத்தால் சுரண்டியிருக்கிறேன். அம்மாவைப் பார்த்து ஒன்றுமே தெரியாது என்று கத்திய அந்தப் பிள்ளைக்கு, அந்த மீசைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியவில்லை. அவரைத் திரும்பி நிற்க வைத்தது தன் அழுகைதான் என்பதும் தெரியவில்லை.